பிடித்தம் பிறந்த கதை

கட்டுமான வேலையில், அதுவரை முடிந்த வேலைக்கு ரன்னிங் பில் போட்டால் முழுத்தொகை கைக்கு வராது. நூற்றுக்கு ஐந்தோ பத்தோ கழித்துக்கொண்டுதான் செக் வரும். கான்ட்ராக்டர்கள் ‘ரிடென்ஷன்’ என்று அலுத்துக்கொள்ளும் இந்தப் பிடித்தம் வேரூன்றியது 1840களின் இங்கிலாந்தில், ரயில் பித்து தலைக்கேறியிருந்த காலத்தில்.

ரயில் கம்பெனிகள் புற்றீசலாய்க் கிளம்பின. அனுபவமில்லாதவர்களும் கான்ட்ராக்டர் ஆனார்கள். பாதியில் ஓடிவிட்டால் என்ன செய்வது? ‘எல்லாம் முடியட்டும், மொத்தமாய்த் தருகிறோம்’ என்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்களுக்குக் கூலி கொடுக்க அவர்களிடம் முதல் ஏது? ஆகவே வேலை நடக்க நடக்க அளந்து பணம், அதில் 20 சதவீதம் வரை பிடித்தம்.

அளப்பது கம்பெனியின் எஞ்சினியர். சிக்கலே அங்குதான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு எஞ்சினியர் புரூனல். அவர் அந்தக் கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார். பிரிஸ்டல் பக்கம் வேலை எடுத்த வில்லியம் ரேஞ்சர், சொன்னதைவிடப் பாறை கடினமாக இருக்கிறது என்றார். வேலை பின்தங்கியது. 1838இல் கம்பெனி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. பங்குதாரர் எப்படி நடுநிலையாக அளப்பார் என்று ரேஞ்சர் வழக்காடினார். 1854இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. எஞ்சினியர் கம்பெனியின் ஆள் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். என் மனம் என்னவோ ரேஞ்சர் பக்கம்தான்.

மேலே பணம் தாமதமானால் அடி விழுவது கூலியாள் வயிற்றில். ரயில் கூலிகளின் நிலையை 1846இல் பார்லிமென்ட் கமிட்டி விசாரித்தது. பல இடங்களில் கூலி மாதத்துக்கு ஒருமுறைதான். இடையில் கையில் திணிக்கப்பட்டது ஒரு சீட்டு. கான்ட்ராக்டரோடு தொடர்புள்ள கடையில் மட்டுமே அது செல்லும், அங்கே வைத்ததுதான் விலை.

எல்லோரும் ஓடிப்போகிறவர்கள் அல்ல. அதே 1846 ஜனவரியில், பிரான்ஸின் பாரன்டானில் கான்ட்ராக்டர் தாமஸ் பிராசி கட்டிய 27 வளைவு ரயில் பாலம் சரிந்து விழுந்தது. பிராசியும் கூட்டாளி மெக்கன்சியும் கோர்ட்டுக்குப் போகாமல் கைக்காசைப் போட்டு மறுபடி கட்டிக் கொடுத்தார்கள். நிபந்தனை எழுதுகிறவன் பிராசியை நினைத்து எழுதுவதில்லை.

இன்று பிரிட்டனில் பிடித்தத்தில் பாதி வேலை முடிந்ததும், மீதி குறைகளைச் சரிசெய்த பிறகும் திரும்ப வரும், வந்தால். 2018 ஜனவரியில் கரிலியன் என்ற பெரும் கட்டுமானக் கம்பெனி திவாலானது. அதனிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்தவர்களின் பிடித்தப் பணம் தனிக் கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. வேலையை ஒழுங்காய் முடித்தவர்களும் கடன்காரர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.