பாய்ச் சாம்பலும் பள்ளிவாசல் கூடாரமும்

உஹதுப் போரைப் பேசாத மீலாது மேடை இல்லை. வில்வீரர்கள் குன்றைவிட்டு இறங்கியதையும், ஹம்ஸா (ரலி) அவர்கள் ஷஹீதானதையும் கேட்டுக் கண் கலங்காதார் யார்? ஆயினும் ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நிகழ்ந்த அப்போரின் முடிவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம்.

அன்று அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தலைக்கவசம் உடைந்தது, பல் உடைந்தது, திருமுகத்தில் குருதி வழிந்தது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். குருதி நிற்கவில்லை, கழுவக் கழுவப் பெருகிற்று. அதைக் கண்ட மகளார் கழுவுவதை விடுத்து, பாயின் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் அப்பினார்கள். குருதி நின்றது. ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

இந்த ஹதீஸைப் பல்லாண்டுகள் மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நான், மகளாரின் பாசத்தை மட்டுமே விளக்கி வந்தேன். அதன் நடுவே ‘ரஅத்’ என்றொரு சொல் இருக்கிறது. ‘கண்டார்’ என்பது அதன் பொருள். கழுவுதல் நல்ல முறைதான். எனினும் பழகிய முறையையே பற்றி நில்லாமல், இந்தக் காயத்தில் அது என்ன விளைவிக்கிறது என்று நோக்கி, பயனில்லை எனக் கண்டதும் மாற்றுகின்ற தெளிவே செவிலியத்தின் உயிர். சாம்பலின் இடத்தில் இன்று கிருமி நீக்கிய துணிக்கட்டு வந்துவிட்டது. அந்தப் பார்வைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) நடந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. காயமுற்றோர்க்கு மருந்திட்டுவந்த ருஃபைதா (ரலி) அவர்களிடம் அவரைச் சேர்த்தார்கள். இறைவனிடம் கூலியை நாடியே அவ்வம்மையார் அப்பணியைச் செய்தார்கள். அவர்களது கூடாரம் நபிபெருமானாரின் பள்ளிவாசலிலேயே இருந்தது. பெருமானார் அவ்வழியே செல்லும்போது காலையிலும் மாலையிலும் ஸஅதிடம் நிலை வினவுவார்கள் என்று ‘அல் அதபுல் முஃப்ரத்’ கூறுகிறது. ஒரே கேள்வியை இருவேளை கேட்பானேன்? காலையில் இருந்த உடல்நிலை மாலையில் இராது என்பதனாலன்றோ! இன்றைய மருத்துவமனைகளில் செவிலியர் வேளைதோறும் நாடி பார்த்துக் குறித்து வைப்பதும் இதே காரணத்தால்தான்.

பின்னர் அக்காயம் திறந்து ஸஅத் (ரலி) அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில். அருகிருந்து கவனிப்பதே அடியார் கடமை.

நம் இல்லத்துப் பெண் செவிலியம் பயில விழைந்தால், ‘நமக்கேற்ற வேலையா அது?’ என்று முகம் சுளிப்போர் இன்றும் உளர். அவர்களே தம் தாயோ தமக்கையோ நோயுற்றால் பெண் செவிலியைத் தேடி அலைகின்றனர்! முகம் சுளிக்குமுன், மஸ்ஜிதுந் நபவியில் நின்ற அந்தக் கூடாரத்தை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.