பேழையும் பேதியும்

கனடாவின் கியூபெக்கில் சுத்தியல் விரலில் பட்டால் வாயிலிருந்து வருவது ‘தபர்நாக்’. கத்தோலிக்கக் கோயில் பீடத்தில் நற்கருணை வைக்கும் பேழையின் பெயர் அது. நெதர்லாந்துக்காரர் அதே வலிக்கு ‘தேரிங்’ என்பார், காசநோய். உடலுறுப்பை இழுக்கும் வசவுகள் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் அவை எல்லா ஊரிலும் உள்ளவைதானே!

1960 வரை கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது வரை கத்தோலிக்கத் திருச்சபை வைத்ததே சட்டம். சாமியாரை எதிர்த்துப் பேச முடியாத ஆத்திரம் பீடத்துச் சாமான்கள் மேல் இறங்கியது என்பது வழக்கமான விளக்கம். ‘காலிஸ்’ திருக்கிண்ணம், ‘ஓஸ்தி’ அப்பம். கோபம் ஏற ஏற ஒன்றோடொன்றைக் கோத்து நீட்டுவார்கள். பிள்ளைகள் எதிரே இருந்தால் ‘தபர்நூஷ்’ என்று மழுப்பிக்கொள்வதும் உண்டு. திருச்சபையின் பிடி தளர்ந்த அறுபதுகளின் ‘அமைதிப் புரட்சி’க்குப் பிறகு கோயில்கள் காலியாகின, வசவு மட்டும் நிலைத்தது. 2006-ல் மான்ட்ரியல் திருச்சபை இந்தச் சொற்களை விளம்பரப் பலகைகளில் பெரிதாக எழுதி, கீழே அவற்றின் அசல் பொருளை அச்சிட்டது. வசவுக்கு அருஞ்சொற்பொருள் எழுதிய திருச்சபை வேறு உண்டா தெரியவில்லை!

டச்சு வசவு ஆளைக் குறிவைக்கிறது. உனக்குக் காசம் வரட்டும், காலரா வரட்டும், அம்மை வரட்டும். நம் பாட்டிமார் ‘பேதியில போவான்’, ‘கொள்ளையில போக’ என்று மண்ணை வாரித் தூற்றியதும் இதே இனம்தான். நெதர்லாந்தில் காசமும் காலராவும் அடங்கிவிட்டதால் அந்தச் சொற்களின் முனையும் மழுங்கிவிட்டது. ‘கங்கர்’, அதாவது புற்றுநோய், அப்படியில்லை. இளவட்டங்கள் சாப்பாடு பிரமாதம் என்பதற்குக்கூட அதை முன்னொட்டாகச் சேர்க்கிறார்கள். பக்கத்து மேசையில் தாயைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருப்பார். கடவுள் பெயரை வைத்து வைவதைத் தடுக்க 1917-லேயே அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று தெருவில் பலர் முகம் சுளிப்பது புற்றுக்குத்தான்.

திட்டினால் வலியைத் தாங்கலாம் என்பது வெறும் பேச்சல்ல. 2009-ல் பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் குழுவினர் ஆட்களைப் பனிநீரில் கைவைக்கச் சொன்னார்கள். சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிட, கெட்ட வார்த்தை சொன்னபோது அதிக நேரம் தாங்கினார்கள். அந்த ஆறுதலுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டியதில்லை. ஆகவே என் ஓட்டு கியூபெக்குக்கு. பக்திமான்கள் மனம் நோகும், மறுக்கவில்லை. ஆனால் பேழைக்குக் காய்ச்சல் வராது, கிண்ணத்துக்குத் தாய் கிடையாது. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைக் காயப்படுத்துகிறதா என்பதே என் அளவுகோல். அதன்படி, காலரா ஒழிந்த ஊரில் பாட்டியின் பேதி தேறிவிடும். தாயையும் சாதியையும் இழுக்கும் நம் வசவுகள் தேறா.