ஒன்று இரண்டான கதை

பள்ளிக்கூடத்தில் அமீபா படம் வரைந்து பாகம் குறிக்காதவர்கள் யார்? நடுவில் சுருங்கும், பிளக்கும், இரண்டு அமீபா ஆகிவிடும். அவ்வளவுதான் பாடம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தை உறுதி செய்ய மனிதர்களுக்கு நூறு வருடம் தேவைப்பட்டது!

1670களில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தானே தேய்த்த லென்ஸ் வழியாகத் தண்ணீரில் நெளியும் நுண்ணுயிர்களைப் பார்த்தார். அவற்றில் சில ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் சேர்கின்றன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆடு மாடு மாதிரிதானே இதுவும் இருக்கவேண்டும்!

1769ல் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர், அது சேர்க்கை அல்ல, ஒன்றே இரண்டாகப் பிரிகிறது என்றார். லண்டனில் ஜான் எல்லிஸ் (இவரும் வியாபாரிதான்) அதை மறுத்தார். ஒன்றை ஒன்று வேகமாக மோதுவதால் உடைகிறதாம், விபத்துதானாம்.

இங்கேதான் இத்தாலியப் பாதிரியார் ஸ்பாலன்சானி வருகிறார். மோதுவதற்கு இன்னொன்று இல்லாவிட்டால்? நுண்ணுயிர்கள் இருந்த ஒரு துளி, பக்கத்தில் சுத்தமான நீர் ஒரு துளி, நடுவே மெல்லிய நீர்க்கோடு. ஒன்றே ஒன்று நீந்தி வந்ததும் கோட்டைத் துடைத்துவிட்டார். தனியாக இருந்த அது நடுவில் மெலிந்து இரண்டானது. பிறகு நான்கு. எல்லிஸின் வாதம் அத்தோடு போயிற்று. 1776ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. காசு செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம்.

கூட்டு வட்டி படித்தவர்களுக்கு மீதி எளிது. ஈ.கோலி பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். தடையே இல்லாவிட்டால் 10 மணி நேரத்தில் ஒன்று 107 கோடி ஆகும். உணவு தீர்ந்துவிடும், அதனால் பிழைத்தோம்.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரஸ்யம். தாயே இரண்டு பிள்ளைகளாகிவிட்டால் செத்தது யார்? பிணமே இல்லையே! ஒற்றைச் செல் உயிர்களுக்கு இயற்கையான மரணம் கிடையாது என்று 1880களில் ஜெர்மனியின் வைஸ்மன் வாதிட்டார். 2005ல் பாரிசில் எரிக் ஸ்டூவர்ட் குழு ஈ.கோலியைத் தலைமுறை தலைமுறையாகப் படம் எடுத்தது. ஒவ்வொரு பிளவிலும் ஒரு முனை புதிது, மறுமுனை பழையது. மிகப் பழைய முனை கிடைத்த பாக்டீரியா மெதுவாக வளர்ந்தது. 2010ல் வேறொரு குழு, வளரும் வேகம் குறையவில்லை, ஆனால் தலைமுறைகள் ஏற ஏறச் சாகும் வாய்ப்பு கூடுகிறது என்றது. எந்தப் பிள்ளை அம்மா என்பதில் சண்டை இருக்கலாம். அம்மாவுக்கு வயதாகிறது என்பதில் இரண்டு குழுவும் ஒரே பக்கம்தான்.