முடிக்கு 'டை' அடிச்சா போதுமா? காலில் பலம் இருக்கா பாருங்க!

தலைமுடி நரைத்ததும் 'டை' வாங்க ஓடுகிறோம். ஆனால் முதுமை ஆளை சாய்ப்பது முடியில் இல்லை, தொடையில்! 30 வயதை தாண்டியதும் 10 ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. 60-க்கு மேல் இது வேகம் பிடிக்கும். கால் பலம் போனால் பாத்ரூமில் லேசாக வழுக்கினாலும் சமாளிக்க முடியாது. இடுப்பு எலும்பு முறிந்தால் படுத்த படுக்கைதான். கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போச்சு!

உங்கள் கால் எப்படி?

நாற்காலியை சுவரை ஒட்டி போடுங்க. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கிட்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12-க்கு கீழே போனால் விழும் ஆபத்து அதிகம். 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11.

"நாள் பூரா நின்னுதானே வேலை பார்க்கிறோம்" என்பீர்கள். நிற்பது வேறு, தசைக்கு வேலை கொடுப்பது வேறு. எழுந்து உட்காரும் இதே பயிற்சியை தினமும் 10 தடவை செய்யுங்க. வாரம் 150 நிமிட வேக நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கு. சுண்டல், பாசிப்பயறும் நல்லது.

மூட்டு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு தொடங்குங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பரிசோதனை இலவசம்தான்!