போக்குவரவு: பதிவும் பணியும்

எங்கள் கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் பட்டா மாறுதலைப் 'போக்குவரவு' என்றே சொல்லுவார்கள். திருவிதாங்கூர் வருவாய்த்துறைச் சொல். நிலம் ஒரு கையிலிருந்து போகிறது, இன்னொரு கைக்கு வருகிறது. அது கணக்கிலும் ஏறுகிறது. பணியும் பதிவும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. சேவை மேலாண்மை வேறு, தரவு மேலாண்மை வேறு என்று கணினித்துறை பிரித்துப் பேசுவதை இச்சொல்லின் வழியாக மறுவாசிப்புச் செய்ய முடியும் என்று கருதுகிறேன்.

அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்தார். இன்று அவை நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாற்றின் முக்கியச் சான்றுகள். எழுதப்பட்ட காலத்தில் அவை சான்றுகள் அல்ல. வரி, பாசனம், நில விற்பனை, ஆள் விற்பனை என்று காரியங்கள் நடந்தபோது விழுந்த எழுத்து. ஆக, தரவு முன்னமே இருந்து பிறகு சேவைக்குப் பயன்படுவதில்லை. சேவைதான் தரவை ஈனுகிறது. யாருக்காகக் காரியம் நடந்ததோ அவர் ஓலையில் உரிமையாளராக ஏறினார். அடிமைகள் விற்ற பொருளாக மட்டுமே ஏறினார்கள்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆட்சி ஒரே நாளில் மாறியது. கணக்கு அப்படி மாறுமா? மலையாளப் பத்திரங்களும் கொல்லம் ஆண்டுத் தேதிகளும் வீட்டுப் பெட்டிகளில் அப்படியே இருந்தன. பின்னால் மறுநில அளவை வேறு எண்களைக் கொடுத்தது. இன்றும் கிரயப் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணையும் ரீசர்வே எண்ணையும் சேர்த்தே எழுதுகிறோம். இரண்டு அதிகாரங்களின் மொழிகளுக்கு நடுவிலான மெல்லிய பாலம் அது.

1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை ஒன்று ஐ.டி.ஐ.எல். என்ற நடைமுறைத் தொகுப்பை உருவாக்கத் தொடங்கியது. அதில் 'இன்சிடென்ட்' வேறு, 'பிராப்ளம்' வேறு. முன்னது ஒருவருக்கு நேர்ந்த தடங்கல். பின்னது அதன் அடியிலுள்ள காரணம். தடங்கலை நீக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவைத்தால் தவறு திரும்ப வரும். மாற்றம் எதுவானாலும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற தடம் இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா இறந்தபின் பார்த்தால் எங்கள் விளைக்குப் பக்கத்து விளைக்காரர் பெயர். பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தியபோது இடம் மாறியிருக்கிறது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான கெடக்கு" என்றார்கள் ஓர் அலுவலகத்தில். பலமுறை நடந்து எங்கள் பெயரைத் திருத்தினேன். அதே வரிசையில் இன்னும் மூன்று விளைகளுக்கு அதே தவறு. அவற்றை யாரும் தொடவில்லை. அவர்கள் மனுக் கொடுக்கவில்லையாம்.

கணினி ஓலையைவிட வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் மனுக் கொடுத்தவனுக்கு மட்டும் திருந்தும் தரவு, பழைய ஓலையின் அதிகாரத்தைத்தான் நகலெடுக்கிறது. புதுப் பட்டாவைக் காட்டியபோது அம்மா கேட்டாள்: "நம்ம பேரு ஏறிட்டு, சரி. மத்தவன் பேரு எப்ப மக்கா ஏறும்?"