ஓய்வை இழந்தோரின் பானம்

உழைப்பவன் ஓய வேண்டும். விழித்திருப்பவன் உறங்க வேண்டும். இது படைப்பின் ஒழுங்கு. ஏழாம் நாள் ஓய்வை இறைவன் அறிவுரையாக அன்று, கட்டளையாகவே தந்தார். அடிமைக்கும் அந்நியனுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அந்த ஓய்வு உரியது என்று பழைய ஏற்பாடு வகுத்துரைக்கிறது. ஓய்வைக் கொடுக்க மனமில்லாத சமுதாயமோ அதற்கு மாற்றாக எதையேனும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்று நம் இளையோர் கையில் வண்ண டப்பாக்களாகவும் புட்டிகளாகவும் காணப்படும் 'எனர்ஜி டிரிங்க்' எனும் ஊக்க பானத்தின் வரலாறு அத்தகைய மாற்றுப் பொருளின் வரலாறே.

போரில் நொறுங்கிய ஜப்பான் தொழில்துறையில் மும்முரமாக எழுந்துகொண்டிருந்த காலம். 1962இல் டைஷோ எனும் மருந்து நிறுவனம் 'லிப்போவிட்டான் டி' என்ற பானத்தை வெளியிட்டது. 100 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு கண்ணாடிப் புட்டி; உள்ளே டாரின், பி வகை வைட்டமின்கள், 50 மில்லிகிராம் காஃபீன். டாரின் என்பது 1827இல் ஜெர்மானிய அறிவியலார் டீடமானும் கிமெலினும் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. எருதின் வலிமை அதில் இல்லை. 1999இல் விதி தளர்த்தப்படும் வரை இப்பானம் ஜப்பானில் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டது. அருந்தியோர் நெடுநேரம் உழைத்த பெரியவர்கள். அளவோ ஒரு வேளை மருந்தின் அளவு.

இவ்வழக்கம் பின்னர்த் தாய்லாந்தை அடைந்தது. அங்கே மருந்து வணிகர் சலியோ யூவித்யா 1970களில் 'கிராட்டிங் டேங்' எனும் பானத்தை உருவாக்கினார். 'சிவப்புக் காட்டெருது' என்பது அப்பெயரின் பொருள். இரவெல்லாம் லாரி ஓட்டியவர்களும் கூலித் தொழிலாளரும் அதை விரும்பி வாங்கினர். உறக்கத்தைத் துறந்தால்தான் கூலி என்ற நிலையில் இருந்த ஏழையின் பானம் அது.

1982இல் பாங்காக்குக்கு வந்த ஆஸ்திரிய வணிகர் டீட்ரிக் மாட்டெஷிட்ஸ், நெடும் விமானப் பயணத்தின் அயர்வை அது போக்கக் கண்டார். இருவரும் 1984இல் கூட்டு நிறுவனம் அமைத்தனர். சுவை ஐரோப்பியருக்கேற்ப மாற்றப்பட்டு, 1987 ஏப்ரல் முதல் நாளில் 'ரெட் புல்' ஆஸ்திரியாவில் விற்பனைக்கு வந்தது. இங்கேதான் வரலாறு திசை மாறியது. களைத்த தொழிலாளிக்கென வந்த பானம், களைப்பறியா இளைஞனைத் தேடிச் சென்றது. மாணவர் கூடும் இடங்களும் இரவு நடன அரங்குகளும் சாகச விளையாட்டுகளும் அதன் விளம்பர மேடைகளாயின. தேவை இருந்த இடத்தில் விற்றது போய், விற்பதற்காகவே தேவை உருவாக்கப்பட்டது.

இப்பானம் உண்மையில் என்ன செய்கிறது? நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் எனும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. போதும், ஓய்வெடு என்று உடல் நமக்கு அனுப்பும் செய்தி அது. அச்செய்தி நுழையும் வாயிலைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, மறைக்கப்படுகிறது. கடனை அடைக்காமல் கடன்சீட்டை ஒளித்துவைப்பது போன்றதே இது. மாலை 5 மணிக்கு அருந்திய காஃபீனில் ஏறக்குறையப் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் தங்கியிருக்கும். உறக்கம் கெடும், காலையில் அயர்வு மிகும், அதைப் போக்க மீண்டும் புட்டி திறக்கப்படும். அளவு மீறினால் படபடப்பும் நடுக்கமும் இரத்த அழுத்த உயர்வும் நேரலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கும் குலையலாம். தன் இதயத்தில் குறை இருப்பதை அறியாத பிள்ளைக்கு அது பேராபத்தாகவும் முடியலாம்.

நம் வீட்டுக் காப்பியிலும் காஃபீன் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 250 மில்லி லிட்டர் ரெட் புல்லில் உள்ள காஃபீன் 80 மில்லிகிராம்; ஒரு கோப்பைக் காப்பிக்கு ஏறத்தாழ ஒப்பானது. ஆனால் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறோம். குளிர்ந்த இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடித்துவிட முடிகிறது. அரை லிட்டர் டப்பாக்களும் சந்தைக்கு வந்துவிட்டன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வளரிளம் பருவத்தினருக்குக் குறித்த எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 120 மில்லிகிராம். இரண்டு சிறு டப்பாக்களே அந்த எல்லையைக் கடந்துவிடும்.

அமெரிக்காவில் இப்பானங்கள் தொடர்பாக மருத்துவமனை அவசரப் பிரிவுகளை நாடிய நிகழ்வுகள் 2007இல் 10,068, 2011இல் 20,783. இவற்றுள் பெரியவர்களும், மதுவோ மருந்தோ சேர்த்து அருந்தியோரும் அடங்குவர். ஆயினும் நான்கே ஆண்டுகளில் எண்ணிக்கை இரு மடங்கானது எச்சரிக்கையே. அதே 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், சிறுவர், வளரிளம் பருவத்தினர் உணவில் இப்பானத்துக்கு இடமே இல்லை என்று அறிவித்தது. 2014இல் லித்துவேனியாவிலும் 2024இல் போலந்திலும் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இதை விற்பதற்குத் தடை வந்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் லிட்டருக்கு 300 மில்லிகிராம் காஃபீன் என உச்சவரம்பு விதித்தது. குழந்தைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதன்று என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பதும் அதன் விதி. ஆனால், அச்சிட்டதைப் பிள்ளைக்குப் படித்துக்காட்ட வீட்டில் ஒருவர் வேண்டுமே!

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், உடலும் உள்ளமும் நைந்துபோகும் அளவுக்குத் தொழிலாளரை வேலை வாங்குவது நீதியன்று என்றும், வளர்ச்சி முற்றும் முன்னே சிறுவரை ஆலைகளில் அமர்த்தலாகாது என்றும் எடுத்துரைத்தார். தேர்வுக்காக நள்ளிரவு தாண்டியும் கண்விழிக்கும் பிள்ளைக்கு அந்த நீதி பொருந்தாதா? அன்று ஆலை முதலாளி நின்ற இடத்தில், மதிப்பெண் ஆசையால் இன்று பெற்றோராகிய நாமே நின்றுவிடலாகாது.

இறைவாக்கினர் எலியா ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்தார். ஆண்டவரின் தூதர் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்தார். உண்டவரை உடனே விரட்டவில்லை, மீண்டும் உறங்கவிட்டார். பின்னரே எழுப்பி மறுபடி உணவூட்டினார். ஓரேபு மலைவரை நாற்பது நாள் நடக்கும் வலிமை எலியாவுக்கு அப்படித்தான் வாய்த்தது. புத்தகத்தை மூடிவிட்டு உறங்கு என்று பிள்ளையிடம் சொல்லும் தாயும் தந்தையும் அந்தத் தூதரின் பணியையே செய்கின்றனர்.