ஆம்ஸ்டர்டாம் தோட்டமும் ஒரு காப்பிச் செடியும்

ஹாலந்து தேசத்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமுக்கு யாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் சித்திரசாலைகளையும் கால்வாய்களையும் கண்டு திருப்தியுற்றுத் திரும்பிவிடுவதால், நகரின் கிழக்கே, ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலத்தில் அடக்கமாக அமைந்திருக்கும் ஹோர்த்துஸ் என்னும் தாவரத் தோட்டத்தை எட்டிப் பார்க்கிறவர் சிலரே. கொள்ளைநோயின் கொடுமையை அனுபவித்திருந்த நகரசபையார், வைத்தியர்களும் மருந்து கூட்டுவோரும் மூலிகைகளை ஐயமறக் கற்கவேண்டுமென்று கருதி, 1638-ல் ஏற்படுத்திய ஔஷதத் தோட்டம் இது. இப்போதுள்ள இடத்துக்கு 1682-ல் வந்து சேர்ந்தது.

அப்போது அதன் நிர்வாகிகளில் ஒருவராயிருந்த யான் கொம்மலின் மருந்துச் சரக்கு வியாபாரி. கொச்சியில் டச்சு அதிகாரியாயிருந்த வான் ரேடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற மகாகிரந்தத்தின் பல பாகங்களுக்குக் குறிப்புரை எழுதியவரும் அவரே. அந்நூலுக்கு ஆதாரமான மூலிகை ஞானத்தை வழங்கியவரோ இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியர். ஐரோப்பியப் பண்டிதர்களின் பெருமையைப் பேசும்போது அவரை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

மலையாளக் கரையிலிருந்து ஏட்டறிவு மட்டுமா போயிற்று? ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தின் ஏகபோகமாயிருந்த காப்பியைத் தாங்களே பயிரிட விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், 1696-ல் மலபாரிலிருந்து ஜாவாவுக்குக் கொண்டுபோன நாற்றுகள் பாழாய்ப் போகவே, 1699-ல் மறுபடியும் கொண்டுபோய் வெற்றி கண்டனர். அந்த வம்சத்தில் வந்த செடியொன்று 1706-ல் இத்தோட்டத்தின் கண்ணாடி மனைக்கு வந்து, நெருப்பின் கதகதப்பில் குளிரைத் தாங்கி, பூத்துக் காய்த்தது. காப்பி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இனமாதலால், துணைச் செடியில்லாமலே விதை கிடைத்தது. அரேபியர் அத்தனை காலம் கட்டிக்காத்த ரகசியம் இவ்வளவு சுலபமாகக் கைமாறியதே!

நகரத் தலைவர்கள் அதன் சந்ததியில் ஒரு செடியை 1714-ல் பதினான்காம் லூயி மன்னருக்குக் காணிக்கையாக்கினார்கள். பாரிஸிலுள்ள அரசரின் தோட்டத்தில் வளர்ந்த காப்பி, சில ஆண்டுகளில் மார்ட்டினிக் தீவை எட்டியது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டச்சுக்காரரின் சூரிநாமுக்குப் போன கன்றுகளோ, அண்டையிலிருந்த பிரெஞ்சுக் கயானாவுக்கும், அங்கிருந்து 1727-ல் பிரேசிலுக்கும் பரவின.

இன்று அங்கே செல்பவர் கண்ணில் முதலில் படுவது, விஞ்ஞானி ஹ்யூகோ ட வ்ரீஸ் வேறு ஊருக்குப் போய்விடாதிருக்கும் பொருட்டு 1912-ல் கட்டிக்கொடுத்த பனைமனைதான். அதன் சிற்பநயத்தை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் இத்தோட்டத்திலிருந்து கடல்கடந்து பரவிய அக்காப்பியை நட்டுப் பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் பிள்ளைகளும். சூரிநாமில் 1863 வரையிலும், பிரேசிலில் 1888 வரையிலும் அவர்கள் அடிமைகளாகவே சட்டப்படி வைக்கப்பட்டிருந்தார்கள்.